காண்பன, அறிவன

ரெக்கார்டு நோட்டில் இரண்டு பத்தி.
இடப்பக்கம் காண்பன, வலப்பக்கம் அறிவன,
நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.
பதினோரு வருஷமாக இரண்டையும்
நானே கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.
பார்த்து எழுதுகிறார்கள். யாரும் எதையும் கண்டதில்லை.
ஆய்வகத்தில் பழைய விடைத்தாள் கட்டுகளும்
விலையில்லாச் செருப்புப் பெட்டிகளும் இருக்கின்றன.
சாவி தலைமையாசிரியர் மேசையில்.

முதுநகர் தாண்டி
சிப்காட் காற்று ஜன்னல் வழியே வந்து உட்காரும் பள்ளி இது.
"நிறமற்றது, அழுகிய முட்டை மணமுடையது"
என்று வாசித்தால்
கடைசி பெஞ்சிலிருந்து மதியரசன் சொல்வான்:
அது ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் டீச்சர்.
விடிஞ்சா நெயில்பாலிஷ் வாடை.
மழ பேஞ்சா ரெண்டும் சேந்துக்கும்.
வகுப்பு சிரிக்கும்.
புத்தகத்துல இருக்கறத மட்டும் சொல்லு என்பேன்.

அவன் பெயர் ஒரு பட்டியலில் இருந்தது.
தலைப்பு: மெல்லக் கற்போர்.
அவர்களுக்குத் தனிக் கையேடு உண்டு,
முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்குப் போதுமான இருபத்திரண்டு பக்கம்.
அமிலம் என்றால் என்ன, இரண்டு வரி.

டிசம்பரில் ஒருநாள்
நீல லிட்மஸ் தாள் நாலு கேட்டான்.
எதுக்குடா?
சும்மா டீச்சர்.
மறுநாள் பிரேயருக்கு முன்னால்
ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினான்.
உப்பனாற்றில், குழாய் விழும் இடத்தில் முக்கியது சிவப்பு.
அவன் வீட்டு அடிபம்பு, வெளிறிய ரோஸ்.
கடல் தண்ணீர் மட்டும் அப்படியே நீலம்.
நாலாவதை சாக்லேட் தாளில் மடித்து வைத்திருந்தான்.
இது நம்ம ஸ்கூல் டேங்க் டீச்சர்.
ரெக்கார்டுல எழுதலாமா?

சோதனை எண் வேண்டும்,
பக்க எண் வேண்டும்,
பாடத்திட்டத்தில் இல்லாததற்கு எவரும் கையெழுத்துப் போடமாட்டார்.
இதெல்லாம் சொல்லவில்லை.
பெல் அடித்தது. போ என்றேன்.

ஜனவரியில் மஞ்சக்குப்பத்தில் கூட்டம்.
ஒவ்வொரு பள்ளியாக எழுப்பி சதவீதம் கேட்டார்கள்.
ஐம்பத்தேழு வயது மனிதர்
வீட்டுப்பாடம் எழுதாத பையனைப்போல் நின்றதைப்
பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.
அவர்மேல் கோபம் வரவேண்டிய இடத்தில்
எனக்கு இன்றுவரை
அந்தப் பிடரி வியர்வைதான் இருக்கிறது.

அடுத்த வாரம் ஐந்து பெற்றோரை வரச்சொன்னோம்.
அஞ்சலாட்சி மீன்கூடையை கேட்டுக்கு வெளியே
ஒரு கண் படும்படி வைத்துவிட்டு வந்தாள்.
தனித்தேர்வரா எழுதட்டும்மா, அவனுக்குத்தான் நல்லது.
சொன்னது நான். வகுப்பாசிரியை.
அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்:
மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வரலாமா டீச்சர்?

மாற்றுச் சான்றிதழில்
விலகும் காரணம், பெற்றோர் விருப்பம்.
நடத்தை, நன்று.
என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்
என்று எல்லாரும் சொல்வார்கள்.
வாங்கிக்கொண்டு தீப்பெட்டியை மேசையில் வைத்தான்.
எனக்கெதுக்கு டீச்சர் இனிமே.

மே மாதம் நூறு சதவீதம்.
நாற்பத்தொன்றில் ஐந்து போக முப்பத்தாறு,
முப்பத்தாறுக்கு முப்பத்தாறு.
கழித்தல் கணக்கு வாத்தியார் பாடம், நான் அறிவியல்.
பஸ் நிறுத்தத்தில் கட்டிய ஃபிளெக்ஸில்
இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறேன்.
எல்லாரும் ஒரே நிறப் புடவை.

ஜூனில் புதுப் பிள்ளைகள், புது ரெக்கார்டு நோட்டு.
கோடு போட்டேன். காண்பன என்று எழுதினேன்.
சாக்பீஸ் தூள் தொண்டையில் ஏற,
முதல் பெஞ்சுப் பெண் ஓடிப்போய்
டேங்க் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வந்தாள்.

நாலாவது தாளை
நான் இன்னும் பிரிக்கவில்லை.
குடித்தேன்.